9 மணிக்குப் போன கரண்ட் 2 மணிக்கு வந்தால்... ஃப்ரிட்ஜில் இருப்பதைச் சாப்பிடலாமா?

‘சென்னையில் நாளை மின்தடை’ என்ற செய்தி நம் போனுக்கு வராத வாரம் குறைவு. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை சப்ளை இருக்காது என்று சொல்லி, ஏரியா பெயர்கள் வரிசையாக வரும். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று தென் புறநகர்ப் பெயர்கள் அதில் மாறி மாறி இடம்பிடிக்கும். போனுக்கு சார்ஜ் போடுவோம், டேங்கில் தண்ணீர் ஏற்றுவோம். ஃப்ரிட்ஜைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

யோசிக்கக் காரணம் இருக்கிறது. கரண்ட் போன பிறகு, கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் பாதுகாப்பான குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையும் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் சொல்லும் கணக்கு. 9 முதல் 2 வரை என்றால் 5 மணி நேரம். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம்தான் சிக்கல்.

அந்த 4 மணி நேரமும் ‘கதவைத் திறக்காமல்’ என்ற நிபந்தனையோடு வருகிறது. ஒர்க் ஃப்ரம் ஹோமில் இருப்பவர் ஐஸ் வாட்டருக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, உள்ளே இன்னும் கூலிங் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை திறந்தால் அந்தக் கணக்கு செல்லாது. மே மாத மதியத்தில் சமையலறையே 35 டிகிரியில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

5 டிகிரி எதற்கு?

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ, குளிரில் வைக்க வேண்டிய உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், சூடாக வைக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேலேயும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிருமிகளுக்கு வசதியான வெப்பநிலை. சூழல் தோதாக இருந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் போனால் ஒன்று 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்வதில்லை, வளர விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் போனால் அந்தப் பிடி மெல்லத் தளரும். திரும்பி வந்து பெட்டி மறுபடி ஜில்லென்று ஆனாலும், நடுவில் வளர்ந்தது வளர்ந்ததுதான்.

அதனால்தான் ‘தொட்டுப் பார்த்தேன், ஜில்லுன்னுதான் இருக்கு’ என்பது ஒரு சோதனையே இல்லை. மோந்து பார்ப்பதும் அப்படித்தான். இதை வீட்டில் பெரியவர்களிடம் சொன்னால் சண்டைதான் வரும்; ஆனாலும் உண்மை இதுதான். உணவை நாறவைக்கும், புளிக்கவைக்கும் பாக்டீரியா ஒரு வகை. ஆளைப் படுக்க வைக்கும் பாக்டீரியா வேறு வகை. சால்மோனெல்லா கலந்த சிக்கன் குழம்பில் வாடையே மாறாமல் இருக்கலாம். கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். அது சோதனை இல்லை, சாப்பிடுவதுதான்.

சரி, நன்றாகக் கொதிக்கவைத்தால்? பாக்டீரியா பெரும்பாலும் சாகும். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன் ஒரு நச்சை விட்டுவிட்டுப் போகும். சமைத்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் நச்சு, பிரஷர் குக்கர் சூட்டையும் தாங்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சும் சாதாரணக் கொதிக்கு அடங்காது. நேற்றைய சோற்றை மதியம் ஃப்ரைடு ரைஸ் ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் வாந்தி எடுப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். மீனில் கதை வேறு மாதிரி: அயிலை, மத்தி, சூரை போன்றவை குளிர் இழந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். முகம் சிவந்து, அரிப்பு எடுத்து, மீன் அலர்ஜி என்று நினைத்து டாக்டரிடம் போவார்கள். வறுத்தாலும் பொரித்தாலும் அது போகாது.

எதை வைக்கலாம், எதைக் கொட்டலாம்?

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க சமையலறைக்கானவை. முட்டையைத் தூக்கிப் போடு என்று அவை சொல்லும். அங்கே முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். அப்படிக் கழுவும்போது ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடுவதால் குளிரிலேயே வைத்தாக வேண்டும். நம் அண்ணாச்சி கடையில் முட்டை அட்டை வெளியேதான் அடுக்கியிருக்கிறது. விரிசல் இல்லாத பச்சை முட்டைக்காக ஐந்து மணி நேர மின்தடையில் பதற வேண்டாம். வேகவைத்து உரித்து வைத்த முட்டை அப்படி இல்லை, அதைக் கொட்டிவிடுவதே நல்லது.

அந்தப் பட்டியல்களில் இட்லி மாவும் இருக்காது. புளித்த மாவில் லாக்டிக் அமிலம் இருப்பதால் நோய்க் கிருமிகள் அதில் சுலபமாக வளராது. கரண்ட் இல்லாத நேரத்தில் மாவு இன்னும் புளித்துப் பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி வழியும். அது சுவைப் பிரச்சினை; ஊத்தப்பம் ஆக்கிவிடலாம். மேலே இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் மட்டும் மொத்தமாகக் கொட்ட வேண்டும், மேலாக வழித்துவிட்டு மீதியை ஊற்றுவது கூடாது. தயிரும் இதே கட்சிதான். ஊறுகாய், ஜாம், வெண்ணெய், நெய், முழுசாக இருக்கும் காய், பழம் எதற்கும் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது ஈரமும் புரதமும் சேர்ந்தவை: பச்சை இறைச்சி, மீன், சமைத்த குழம்பு, பருப்பு, சாம்பார், சோறு, பனீர், பிரித்த பால் பாக்கெட், தேங்காய்ச் சட்னி, அரைத்த தேங்காய், நறுக்கிய பழம். 4 மணி நேரம் தாண்டி, உள்ளே ஐஸும் இல்லை, அளந்து பார்க்க தெர்மாமீட்டரும் இல்லை என்றால் இவற்றைக் கொட்டிவிட வேண்டும். மட்டன் விற்கும் விலைக்கு மனசு வராதுதான். அதற்காக, நாம் சாப்பிடத் தயங்குவதை வேலைக்கு வரும் அக்காவுக்கோ வாட்ச்மேனுக்கோ ‘வீணாப் போகுதே’ என்று டப்பாவில் போட்டுக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. நமக்குச் சந்தேகமாக இருக்கும் உணவு அவர்களுக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?

ஃப்ரீசர் கணக்கு தனி. நிறைய அடைத்து வைத்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம், பாதி நிரம்பியிருந்தால் 24 மணி நேரம் தாங்கும் என்பார்கள். இது தனிக் கதவுள்ள ஃப்ரீசருக்கு. வாடகை வீடுகளில் அதிகம் இருக்கும் சிங்கிள் டோர் மாடலில் ஃப்ரீசர் என்பது உள்ளே ஒரு சின்னப் பெட்டி. கீழ்த் தட்டுக்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிரும் போகும். 24 மணி நேரத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். எந்த மாடலாக இருந்தாலும், இறைச்சியில் ஐஸ் துகள் இன்னும் தெரிகிறது என்றால் மறுபடி உறைய வைக்கலாம். உருகி மீண்டும் இறுகிய ஐஸ்கிரீமை மட்டும் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

இன்வெர்ட்டர் இருக்கே?

பல வீடுகளில் ஃபேனும் லைட்டும்தான் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், ஃப்ரிட்ஜ் இருக்காது. அப்பார்ட்மென்ட் ஜெனரேட்டரும் பல இடங்களில் லிஃப்ட், மோட்டார், வீட்டுக்கு இரண்டு பாயின்ட் என்ற அளவோடு நின்றுவிடும். ‘இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை நம்பிக் கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கம்ப்ரஸர் வேகத்தை ஏற்றி இறக்கி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தொழில்நுட்பம். கரண்ட் இல்லாமல் அதுவும் ஓடாது.

முன்கூட்டியே தெரிந்த மின்தடைக்கு வழி சுலபம். முந்தின ராத்திரியே இரண்டு, மூன்று வாட்டர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீசரில் போடுங்கள். காலை 9 மணிக்கு முன் அவற்றைப் பால், குழம்பு இருக்கும் தட்டுக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத் தட்டில் வைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. 2 மணிக்குத் திறக்கும்போது 5 டிகிரியோ அதற்குக் கீழோ காட்டினால் எல்லாம் பத்திரம்.

ஊருக்குப் போய்விட்டு வந்தால்?

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நடுவில் பத்து மணி நேரம் கரண்ட் போய் வந்திருந்தால் எப்படித் தெரியும்? மைக்ரோவேவ் கடிகாரம் 12:00 என்று மின்னுவது ஓர் அடையாளம். இன்னொன்று நாணய வித்தை: ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் காசை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிட்டுப் போவது. திரும்பி வரும்போது காசு அடியில் இருந்தால் ஐஸ் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வித்தைதான், ஆனால் அரைகுறை. காசு மேலேயே இருந்தால் ஃப்ரீசர் தப்பித்தது என்றுதான் பொருள். கீழ்த் தட்டு அதற்கு வெகு நேரம் முன்பே சூடாகியிருக்கலாம். தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஈபி போச்சு’ என்று எப்போது மெசேஜ் விழுந்தது, ‘வந்துடுச்சு’ எப்போது விழுந்தது என்று மேலே தள்ளிப் பார்ப்பது இதைவிடத் துல்லியமான ஆதாரம்.

மழைக்காலம் வேறு விஷயம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தப் பகுதிக்கு அதைக் காட்டியது. 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில், மின்சாரம் பாய்ந்து உயிர் போய்விடக் கூடாது என்று சப்ளையை வாரியமே நிறுத்தியது. கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி எனத் தாண்டி உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு இறங்கும் பாதையை ஒட்டித்தான் கோவிலம்பாக்கம் இருக்கிறது. தண்ணீர் வடியாமல் கரண்ட் கொடுக்க முடியாது. தென் புறநகரில் பல தெருக்கள் நாள் கணக்கில் இருட்டில் இருந்தன. பால் பாக்கெட் கிடைப்பதே பெரும்பாடாகிப் போன அந்த நாட்களில், கையில் இருப்பதைக் கொட்டச் சொன்னால் யாருக்கு மனசு வரும்?

அப்படிப்பட்ட நேரத்துக்கு வரிசைதான் முக்கியம். கரண்ட் போன முதல் சில மணி நேரத்திலேயே பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிடலாம், மீன், கறியைச் சமைத்து அந்த வேளையே முடித்துவிடலாம். ஃப்ரீசரை அடுத்த நாள் வரை தொடாமல் விடலாம். குளிர் தேவைப்படாத டெட்ரா பேக் பால், பால் பவுடர், அவல் இரண்டு நாளைக்கு அலமாரியில் இருந்தால் போதும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் பயந்துபோய் அதை ஐஸ் மேல் நேராக வைத்துவிடக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் உதவாது. பயன்பாட்டில் இருக்கும் பல வகை இன்சுலின் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். உங்களுடையது எந்த வகை என்பதை அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைத்தள வீட்டில் வெள்ளம் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே புகுந்திருந்தால் மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. அது சாக்கடையும் கலந்த தண்ணீர். மூடி போட்ட டப்பா, முடிச்சுப் போட்ட கவர் என்று எதையும் எடுத்து வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். ஒடுங்காத, துருப்பிடிக்காத, சீல் உடையாத தகர டின் மட்டும் விதிவிலக்கு. அதையும் கழுவி, குளோரின் தண்ணீரில் நனைத்து எடுத்த பிறகே திறக்கலாம். தண்ணீர் பட்ட ஃப்ரிட்ஜை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை பிளக்கில் செருகாதீர்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, சப்ளை எப்போது வரும் என்று தெரிய வேண்டும் என்றாலோ மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987.