செவ்வாய் யாருடைய சொத்து?

செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதர்களை அனுப்பும் யோசனை இப்பொழுது கதைக்காரர்களின் கற்பனையாக மட்டும் இல்லை. அமெரிக்க சர்க்கார் அதைத் தன் லட்சியங்களில் ஒன்றாகச் சொல்லி வருகிறது. அங்குள்ள கம்பெனிக்காரர்கள் குடியேற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சீனா 2021-ல் அக்கிரகத்தின் தரையில் தன் யந்திரத்தை இறக்கிவிட்டது. சோற்றுக்கே திண்டாடுகிறவர்களுக்கு வானத்து யாத்திரையைப் பற்றி என்ன கவலை என்று நம் நண்பர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் கவனியாமலிருப்பதால் காரியம் நின்றுவிடாது; நம்மைக் கேளாமல் நடந்துவிடும்.

பிரயாணம் சுலபமானதன்று. செவ்வாய் நமக்கு மிகவும் நெருங்கி வரும்போதுகூட ஏறக்குறைய 5.5 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. புறப்படத் தகுந்த தருணம் 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் வாய்க்கும். போகச் சுமார் ஏழு எட்டு மாதம். திரும்புவதற்கு உரிய காலம் வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். ஆக, போனவன் வீடு திரும்ப மூன்று வருஷம் ஆகலாம். எடையற்ற நிலையில் எலும்பு மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் தேய்கிறது. அங்குள்ள காற்றோ நூற்றுக்கு 95 பங்கு கரியமில வாயு. அதிலிருந்து பிராண வாயுவைப் பிரிக்கும் சிறு கருவியொன்றை அமெரிக்கர்கள் 2021-ல் கொண்டுபோய் வைத்தார்கள். அது 2023 வரையில் 16 தடவை வேலை செய்து மொத்தம் 122 கிராம் கொடுத்தது. ஒரு மனிதனுக்கு இது நாலு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. என்றாலும் வழி தெரிந்துவிட்டது; அளவைப் பெருக்குவது விஞ்ஞானிகளின் பொறுப்பு.

அவர்கள் திறமையில் நமக்குச் சந்தேகமில்லை. 2013 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நமது மங்கள்யானின் பெரிய என்ஜின், வழியில் சுமார் 300 நாள் உறங்கிக் கிடந்தது. செவ்வாயை நெருங்கியதும், விழிக்குமோ விழிக்காதோ என்று நாலே விநாடி எரித்துச் சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்து, 2014 செப்டம்பர் 24-ல், அது கிரகத்தைச் சுற்றத் தொடங்கியது. முதல் முயற்சியிலேயே வெற்றி. செலவு 450 கோடி ரூபாய். யந்திரங்களைத் தயார் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். சட்டத்தைத் தயார் செய்ய யார் இருக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

1967-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம், எந்த தேசமும் எந்தக் கிரகத்தையும் தன் உடைமையாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது. நல்ல வார்த்தை. ஆனால் அங்கே தோண்டியெடுக்கும் பொருள் யாருக்குச் சேரும் என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. அந்த இடுக்கில் அமெரிக்கா 2015-ல் நுழைந்தது. வானுலகப் பொருளை எடுக்கும் அமெரிக்கப் பிரஜைக்கு அது சொந்தம் என்று சட்டமே செய்துவிட்டது. வீடு பொது, வீட்டிலுள்ள பண்டம் மட்டும் எடுத்தவனுக்கு என்றால் இதை என்ன தர்மமென்று சொல்வது?

நம் சர்க்காரின் நிலை இதைவிட விசித்திரமானது. சந்திரனும் மற்றக் கிரகங்களும் அவற்றின் செல்வமும் மனித குலம் முழுவதற்கும் பொதுவானவை என்று கூறும் 1979-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் இந்தியா 1982-ல் கையெழுத்திட்டது, ஊர்ஜிதம் செய்யவில்லை. 2023 ஜூனில், பொருளை எடுப்பது உடைமையாக்குவதாகாது என்று வாதிக்கும் அமெரிக்கக் கோஷ்டியின் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டது. அதே வருஷம் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, சர்வதேசக் கடமைகளுக்கு உட்பட்டு, தனியார் எடுக்கும் வானுலகப் பொருளை அவர்களே வைத்துக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. இது மந்திரி சபை அங்கீகரித்த கொள்கை. பார்லிமெண்டு இயற்றிய சட்டமன்று. ஒரே கை இரண்டு பத்திரங்களில் கையெழுத்திட்டிருக்கிறது. எந்தக் கையெழுத்தை நம்புவது?

கம்பெனி என்ற சொல்லை இந்நாட்டார் அலட்சியமாகக் கேட்டுவிட முடியாது. 1600-ல் ராணியிடம் பட்டயம் பெற்று வாசனைத் திரவியங்களை வாங்கப் புறப்பட்ட வியாபாரிகள், 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். செவ்வாயில் ஜனங்கள் இல்லையே, யாரை அடிமை கொள்ளப் போகிறார்கள் என்று கேட்கலாம். போகிறவர்கள் மனிதர்களல்லவா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் முதலாளியின் லயத்தில் குடியிருந்தார்கள், முதலாளியின் அரிசியைக் கடனாகப் பெற்றார்கள். காற்றுக்காவது காசு கேட்கப்படவில்லை. செவ்வாய்க் குடியிருப்பில் மூச்சுக் காற்றே முதலாளியின் யந்திரத்திலிருந்து வர வேண்டும். அங்கே ஒரு தொழிலாளி வேலை நிறுத்தம் செய்வதெப்படி? வேலையை விட்டு விலகுவதுதான் எப்படி? தன் பிரஜைகளின் கம்பெனி செய்வதற்கெல்லாம் அந்தந்த சர்க்காரே ஜவாப்தாரி என்று 1967 ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் ரேடியோச் செய்தி போய்ச் சேரவே சில சமயம் 22 நிமிஷம் ஆகும் இடத்தில் எந்த இன்ஸ்பெக்டர் போய் விசாரிப்பார்?

இன்னொன்றும் உண்டு. மனிதன் எங்கே போனாலும் அவன் உடலிலுள்ள கோடானுகோடி கிருமிகளும் கூடப் போகின்றன. யந்திரத்தைச் சுட்டுச் சுத்தம் செய்யலாம். மனிதனை அப்படிச் செய்ய முடியாது. ஆகையால் செவ்வாயில் உயிர் உண்டா என்று தேடத் தகுந்த இடங்களை யந்திரங்களைக் கொண்டு முதலில் ஆராய்ந்துவிட வேண்டும். அதற்குமுன் மனிதனை அங்கே இறக்க அவசரப்படுகிறவர்கள், விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானத்துக்கே தீங்கு செய்கிறவர்கள்.

சர்க்கார் இந்த இரண்டு கையெழுத்துக்களையும் பார்லிமெண்டின் முன் வைத்து, எதில் நிற்கப் போகிறது என்று சொல்ல வேண்டும். நாம் அனுப்பும் எந்தப் பிரயாணிக்கும் காற்றும் நீரும் திரும்பிவரும் உரிமையும் கூலிக் கணக்கில் சேராதவை என்று சட்டத்தில் எழுத வேண்டும். மகேந்திரகிரியில் என்ஜின்கள் சோதிக்கப்படுகின்றன. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டாயிற்று. இரண்டும் நம் ஜில்லாக்களில் உள்ளவை. தமிழ்நாட்டு அங்கத்தினர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்பாரா?