ஐயர் கையில் எதற்கு சிமென்ட் கணக்கு?

திருச்சி பெல் (BHEL) நகரியமான கைலாசபுரத்துச் சபைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 60 வயதில் பெல் வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமான் லாரி ஏறுகிற அன்றே சபையும் கைவிட்டுப் போகிறது. தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே பெஞ்சில் உட்காருகிற கிராமத்துச் சபை இல்லை இது. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் ஆயரும் சில ஆண்டுகளில் மாற்றலாகிவிடுவார். நான் பக்கத்திலேயே திருவெறும்பூரில் வீடு கட்டிக்கொண்டதால் இன்னும் இங்கேயே ஆராதனைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு மாற்றலின்போதும் காதில் விழுவது ஒரே விசாரணைதான். "புது ஐயர் எப்படி? நிதி திரட்டுவாரா? மண்டபத்தைக் கட்டி முடிப்பாரா?" வீட்டுக்கு வருவாரா என்று யாரும் கேட்பதில்லை.

நான் வேலையில் இருந்தபோது ஓர் ஆயர் இருந்தார். யாருக்கு எந்த ஷிப்ட் என்று டைரியில் குறித்து வைத்திருப்பார். ராத்திரி ஷிப்ட் முடித்தவன் தூங்கி எழட்டும் என்று சாயங்காலம் நாலு மணிக்குத்தான் மொபெட்டை எங்கள் வாசலில் நிறுத்துவார். அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து என் மனைவியிடம் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசுவார். கிளம்பும்போதுதான் ஜெபம். ஒருநாள் "இன்னைக்கு நீங்க பண்ணுங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு வாய் குழறியது. கொஞ்ச நாளில், ஆஸ்பத்திரியில் கிடந்த பக்கத்து பிளாக்காரரைப் பார்க்க என்னையே அனுப்பினார். "ஐயர் வரலையா?" என்று அந்த மனுஷன் முகம் சுருங்கியது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆயர் அன்று வந்திருந்தால் அவருக்கு ஆறுதல் கிடைத்திருக்கும்; நான் வளர்ந்திருக்க மாட்டேன்.

ஆளை வளர்க்கும் இந்த வழி திருச்சிக்குப் புதிதல்ல. 1766-ல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டிய சுவார்ட்ஸ் ஐயர் காலையில் உபதேசிமார்களைக் கூட்டி ஜெபித்து ஊருக்குள் அனுப்புவார். சாயங்காலம் என்ன நடந்தது என்று விசாரிப்பார். அப்படிப் பழகிய உபதேசியார் சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைச் சபையை நடத்தப் போனார். சுவார்ட்ஸ் 1798-ல் இறந்தார். மறு ஆண்டே தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் உழைப்பில் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவானது. ஆலயம் கட்டியவர்தான், ஆனால் ஆளையும் கட்டினார்.

இன்றைய ஆயருக்கு வங்கி, கான்ட்ராக்டர், கமிட்டி, இடையிடையே தேர்தல்; ஆளைக் கட்ட நேரமில்லை. தென்னிந்தியத் திருச்சபைத் தேர்தல்கள் உயர் நீதிமன்றம் வரை போவதை இந்த நாளிதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாய்லர் ஆலையில் ரேடியோகிராபி பிலிம் பார்த்தே பிழைத்தவன் நான். வெல்டிங் மேலே வழவழவென்று இருக்கும், பிலிமில் பார்த்தால் உள்ளே ஒட்டியே இருக்காது. கூட்டம் நிரம்பும் பல சபைகளைப் பார்க்கும்போது அந்த பிலிம்தான் நினைவுக்கு வருகிறது.

"கமிட்டிக்காரனை நம்பிப் பணத்தைக் கொடுக்க முடியுமா?" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஆயரைக் கணக்கில் உட்கார வைத்ததால் அந்தப் பயம் தீர்ந்துவிட்டதா? எங்கள் சபையில் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரிகள் இருக்கிறார்கள், அனல்மின் நிலையங்களில் பாய்லர் நிறுவிய பொறியாளர்கள் இருக்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு, வேதாகமக் கல்லூரியில் எபிரேயம் படித்துவிட்டு வந்தவரை சிமென்ட் மூட்டை எண்ணச் சொல்கிறோம். எபேசியர் நிருபம் 4-ஆம் அதிகாரம் மேய்ப்பருக்குக் கொடுக்கும் வேலை விசுவாசிகளை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்துவது. அதை வாசித்துவிட்டு 'ஆமென்' சொல்பவர்களும் நாம்தான்.

அடுத்த சபைப் பொதுக்கூட்டத்தில் நான் கேட்கப்போவது இரண்டு. கட்டடக் கமிட்டியிலிருந்து ஐயர் பெயரை எடுத்துவிடுங்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் போய், பஸ் ஏறி வர முடியாமல் கிடக்கும் வயசாளிகளின் விலாசங்களை அவரிடம் கொடுங்கள். கூடவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாலிபனையும் அனுப்புங்கள்.