பரிமாறுவதும் ஓர் அமானிதமே



“சாப்பாடு அருமை, கவனிப்புத்தான் சரியில்லை.” வெளியே உணவருந்திவிட்டுத் திரும்பும் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இப்படிச் சொல்லும்போது உணவையும் கவனிப்பையும் இருவேறு பொருள்களாகப் பிரித்துவிடுகிறோம். உணவே முக்கியம், கவனிப்பு அதன்மேல் தூவிய மல்லித்தழை என்று எண்ணிச் சமாதானமும் அடைகிறோம். மற்றவர்களுக்கு அந்தச் சமாதானம் போதுமானதாக இருக்கலாம். ஹலாலைப் பேணி உண்ணக் கடமைப்பட்ட நமக்கு அது போதாது என்பது எங்கள் கருத்து. அண்மையில் மேற்கொண்ட வியட்நாம் பயணத்தில் நாங்கள் உணவருந்திய ஓர் உணவகம் இக்கருத்தை மேலும் உறுதிப்படுத்திற்று.

அந்நாட்டின் பெருநகரான ஹோ சி மின் நகரம், பழைய பெயரால் சைகோன், தமிழ் முஸ்லிம்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. புதுச்சேரியும் காரைக்காலும் சைகோனும் ஒரே பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த காலத்தில் நம் முன்னோர் பலர் கப்பலேறிச் சென்று அங்கே வணிகம் செய்தனர். நகரின் நடுவே டோங் டு வீதியில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. 1975-இல் போர் முடிந்து ஆட்சி மாறியபின் இந்திய வணிகர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். அவர்கள் கட்டிய இறையில்லம் நிலைத்திருக்கிறது. மீகாங் ஆற்றுப் படுகையிலும் இந்நகரிலும் வாழும் சாம் இன முஸ்லிம்களும், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து வரும் பயணிகளும் அங்கே தொழுகின்றனர்.

ஆயினும் அந்நாட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் உணவு தேடுவது எளிதன்று. வியட்நாமியச் சமையலில் பன்றி இறைச்சிக்குப் பெரிய இடம் உண்டு. மெல்லிய அரிசித் தாளில் இலைதழைகளையும் இறாலையும் வைத்துச் சுருட்டும் ‘கோய் குவோன்’ பார்வைக்கு வெறும் காய்கறிச் சுருள்போல் இருக்கும். வழக்கமாக அதனுள் பன்றித் துண்டுகளும் இருக்கும். நூடுல்ஸ் சூப்புகள் பலவற்றின் சாறு பன்றி எலும்பில் இறக்கியது. மாட்டிறைச்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. எலுமிச்சைப்புல்லும் அன்னாசிப்பூவும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்பு ‘போ கோ’. திராட்சை மது ஊற்றி வேகவைப்பது ‘போ சோட் வாங்’. இரண்டும் செந்நிறம், இரண்டையும் ரொட்டியுடன் உண்பார்கள். புதிதாக வரும் ஒருவர் கண்ணால் பார்த்து இது இன்னதென்று பிரித்தறிவது கடினம். கேட்டுத்தான் அறியவேண்டும்.

நாங்கள் சென்ற உணவகத்தின் வாசலில் ஹலால் என்று எழுதிய பலகை இருந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கவரும் அழகு. பிரெஞ்சுக் காலத்துப் பூவேலைத் தரைக்கற்கள், மூங்கிலில் பின்னிய விளக்குக் கூடுகள், சுவரெங்கும் பச்சைக்கொடிகள், கருமரத்தில் இழைத்த மேசைகள். பிள்ளைகள் உடனே படமெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உணவைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நியாயம். மாட்டு எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, தீயில் சுட்ட வெங்காயமும் இஞ்சியும் இட்டு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, பெரிய ஏலக்காய் மணக்க இறக்கிய ‘ஃபோ’ சூப்பு தெளிந்த நீர்போல் இருந்தது. ஆனால் ஒரு கரண்டி குடித்ததும் நம் வீட்டுப் பிரியாணிச் சட்டியைத் திறந்ததுபோன்ற மணம் எழுந்தது. அரிசிமாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கலந்து மெல்லியதாக வார்க்கும் ‘பான் ஸெயோ’ நம் தோசைக்கு உறவு. மாவு சூடான சட்டியில் விழும்போது எழும் ஓசையே அதன் பெயரில் உள்ள ‘ஸெயோ’ என்கிறார்கள். அதைக் கீரையில் மடித்து, மீனையும் உப்பையும் நொதிக்கவைத்து எடுத்த சாறு கலந்த தொட்டுக்கொள்ளும் நீரில் தோய்த்து உண்ண வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், எதிலும் குறை சொல்ல இடமில்லை.

குறையெல்லாம் அடுப்புக்கும் மேசைக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் இருந்தது. முன்பதிவு செய்திருந்தும், காலி மேசைகள் கண்ணெதிரே இருக்க, மஃரிப் தொழுதுவிட்டு வந்த நாங்கள் இருபது நிமிடம் வாசலில் நின்றோம். அமர்ந்தபின் தண்ணீருக்கு மூன்று முறை கேட்க நேர்ந்தது. முதலில் வரவேண்டிய சுருள்கள் கடைசியில் வந்தன. பெரியவர்களின் கிண்ணங்கள் காலியானபிறகு பிள்ளைகளின் சூப்பு வந்தது. நீரிழிவு மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருந்த உம்மா, கைப்பையில் வைத்திருந்த இரண்டு பேரீச்சம்பழங்களால் சமாளித்துக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது வேறொன்று. உணவுப்பட்டியலில் மாட்டிறைச்சிக் குழம்பு என்று மட்டும் எழுதியிருந்தது. “இதில் மது சேர்க்கப்படுகிறதா?” என்று பணியாளரிடம் கேட்டோம். அந்த இளைஞர் புன்னகைத்துத் தலையசைத்தார். தலையசைத்தது ‘சேர்க்கிறோம்’ என்பதற்கா, ‘இல்லை’ என்பதற்கா, கேள்வியே விளங்கவில்லை என்பதற்கா? இன்னொருவரைக் கேட்டோம், அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பதில் வருமுன்னே குழம்பு வந்துவிட்டது. ஆவி பறக்க வந்த கிண்ணம் எங்கள் நடுவில் யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. பசித்த பிள்ளைகள் அதையும் எங்கள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

வாசலில் பலகை இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். பலகை கடையைப் பற்றிச் சொல்கிறது. தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அதைக் கொண்டுவருபவர். சமையலறைக்குள் நாம் செல்ல இயலாது. சமைப்பவரை நாம் பார்ப்பதுமில்லை. ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே ஐயத்துக்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற கருத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளதை நாமெல்லாம் அறிவோம். உணவகத்தில் அந்த ஐயத்தை நீக்கும் திறவுகோல் பரிமாறுபவரின் நாவில் இருக்கிறது. அவர் பொறுப்பின்றித் தலையசைத்தால், அடுப்பில் ஹலாலாக இருந்த உணவு மேசைக்கு வரும்போது ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. ஆகவே நம்மைப் பொறுத்தவரை பரிமாறுவது அலங்காரம் ஆகாது. அது ஓர் அமானிதம்.

எங்கள் ஐயம் இறுதியில் நீங்கிற்று. அந்த வழியே சென்ற மூன்றாவது பணியாளர் ஒருவர் உள்ளே போய்ச் சொல்ல, தலையில் முக்காடிட்ட நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் சமையலறையிலிருந்து வந்தார். ஸலாம் கூறினார். சாம் முஸ்லிம் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, தமக்குத் தெரிந்த மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். மது ஒரு துளியும் இல்லை, இளநீரில் வேகவைத்தது, இறைச்சியை முஸ்லிம் ஒருவரின் கடையில் வாங்குகிறோம் என்றார். ஒரு சிறு தட்டில் எலுமிச்சைப்புல், அன்னாசிப்பூ, பட்டை ஆகியவற்றையும் எடுத்துவந்து காட்டினார். ஆறிய கிண்ணத்தைத் தாமே எடுத்துச் சென்று சுடவைத்துக் கொண்டுவந்தார். இரண்டு நிமிட வேலைதான். அதன்பிறகு பிள்ளைகள் பிஸ்மில்லாஹ் சொல்லி நிம்மதியாக உண்டார்கள்.

விருந்தோம்பலுக்கு நபி இப்ராஹீம் (அலை) அவர்களை நாம் முன்மாதிரியாகக் கொள்கிறோம். அறிமுகமற்ற விருந்தினர் வந்த நிகழ்வைக் குர்ஆன் எப்படி விவரிக்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். பொரித்த கன்றைத் தாமதமின்றிக் கொண்டுவந்தார்கள் என்று சூரா ஹூதில் (11:69) சொல்லப்படுகிறது. சூரா அத்தாரியாத்தில் (51:26, 27) அவர்கள் சந்தடியின்றி வீட்டாரிடம் சென்று கொழுத்த கன்றைக் கொண்டுவந்ததும், அதை விருந்தினரின் அருகில் வைத்ததும், உண்ணமாட்டீர்களா என்று இதமாகக் கேட்டதும் வருகின்றன. உணவின் தரம் ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. விரைவு, அருகில் கொண்டுவைத்தல், கனிவான பேச்சு என்று எஞ்சியவை அனைத்தும் பரிமாறும் முறையைப் பற்றியவை.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இதை எடுத்துக்காட்டி, உணவகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த நபிமொழி அல்லாஹ் அளித்த உணவை இகழ்வதைப் பற்றியது. கூலி பெற்றுக்கொண்டு செய்யும் ஒரு பணியில் பொறுப்பு தவறினால் அதை உரியவரிடம் எடுத்துச் சொல்வது வேறு. அன்று எங்கள் பில்லில் மேசைக்கு வராத ஒரு பண்டத்தின் விலையும், சேவைக் கட்டணமாக 5 விழுக்காடும் சேர்க்கப்பட்டிருந்தன. வராத பண்டத்தைச் சுட்டிக்காட்டி நீக்கச் செய்தோம். சேவையைப் பற்றியும் மேலாளரிடம் தனியே சொன்னோம். இது உரிமை மட்டுமன்று. நமக்குப்பின் வரும் குடும்பத்துக்குச் செய்யும் நன்மையும் ஆகும்.

ஆனால் யாரிடம், எப்படிச் சொல்வது என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். பக்கத்து மேசையில் ஒருவர் விரலைச் சொடுக்கி அழைத்ததையும், அந்த இளைஞர் முகம் சிவக்க நிற்கும்போது குரலை உயர்த்தித் திட்டியதையும் கண்டோம். ஏறத்தாழ இருபது மேசைகளுக்கு மூன்றே பணியாளர்கள். பயணிகளின் மொழி அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. மது என்று நாம் ஏன் கேட்கிறோம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தந்ததாகவும் தெரியவில்லை. விளக்குக் கூடுகளுக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கை ஆள்களுக்கும் பயிற்சிக்கும் செலவிட்டிருந்தால் அந்த இளைஞர் அவமானப்பட நேர்ந்திராது. பிழை தொடங்கிய இடம் முதலாளியின் கணக்குப் புத்தகம். உணவைச் சமைத்து, அதன் வெப்பத்தையும் சிரமத்தையும் தாங்கிக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்துங்கள், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்று கற்பித்த நபியின் உம்மத்தினர், அதே பணியாளரைப் பலர் முன்னிலையில் சிறுமைப்படுத்தலாகாது. நம் பிள்ளைகள் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

இதை எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மேசையின் இந்தப் பக்கத்தில் மட்டும் நிற்கும் சமூகமல்ல நம்முடையது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாசி கண்டார், முர்தபா கடைகளை நடத்துவோரிலும், தமிழகமெங்கும் பிரியாணிக் கடைகளை நடத்துவோரிலும் நம்மவர் ஏராளம். அங்கெல்லாம் ஹலால் பலகை தொங்குகிறது; நம் பெயரே பலருக்கு உறுதிமொழியாகவும் இருக்கிறது. ஆனால் “இந்தக் கோழி எங்கே அறுத்தது?” என்று வாடிக்கையாளர் கேட்டால், பரிமாறும் பையனுக்குப் பதில் தெரியுமா? இன்று பல கடைகளில் பரிமாறுவோர் தொலைதூர மாநிலங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். கடை நடத்தும் சகோதரர்கள் மூன்று செயல்களை உடனே செய்யலாம். எந்தப் பண்டத்தில் என்ன சேர்கிறது என்பதைப் பணியாளருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்கலாம். தெரியாத கேள்விக்கு ஊகித்துத் தலையசைக்காமல், “கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லப் பழக்கலாம். கூட்டத்துக்கு ஏற்ற ஆள்களை அமர்த்தி, அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் ஓய்வையும் தரலாம். இவை எவற்றுக்கும் பெரும் முதலீடு தேவையில்லை.

உண்ணச் செல்லும் நாமும் சிலவற்றைப் பழகிக்கொள்ளலாம். அயல்நாட்டுக்குச் செல்லுமுன் ‘பன்றி’, ‘மது’, ‘கொழுப்பு’ ஆகிய சொற்களை அந்நாட்டு மொழியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஐயம் எழுந்தால் கூச்சப்படாமல் சமைப்பவரையே அழைத்துக் கேட்கலாம். முறையாகக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்தே பதில் சொல்கிறார்கள். நம் அனுபவத்தைப் பிறரிடம் சொல்லும்போது அதை ஒரு சாட்சியமாகக் கருத வேண்டும். நல்ல உணவை நல்லதென்றும், குறையான கவனிப்பைக் குறையென்றும், உதவிய கையை உதவிய கையென்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். சேவை மோசம் என்ற கோபத்தில் சமையலையும் சேர்த்துப் பழிப்பது அநீதி. ருசியில் மயங்கிக் கவனிப்பின் பிழையை மறைப்பது அடுத்து வருபவருக்கு இழைக்கும் அநீதி.

நாம் உண்பதையும், உண்ணக் கொடுப்பதையும், அதைப் பற்றிப் பேசுவதையும் தூய்மையாக்கி, அமானிதத்தைப் பேணுவோரின் கூட்டத்தில் நம்மை வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக. ஆமீன்.