‘டூ தி நீட்ஃபுல்’: எதைச் செய்வது?

ஆங்கிலேயர் இந்நாட்டை விட்டு நீங்கியது 1947-இல். அவர்தம் அலுவலகங்களில் வழங்கிய தொடர்கள் சிலவோ இன்றும் நம் விண்ணப்பங்களில் குடியிருக்கின்றன. அவற்றுள் தலையாயது ‘டூ தி நீட்ஃபுல்’ என்பது. விடுப்பு வேண்டும் மாணவர் முதல் ஓய்வூதியம் வேண்டும் முதியவர் வரை, இத்தொடரை எழுதினாலன்றி மடல் நிறைவுறாது என எண்ணுவோர் பலர்.

இத்தொடர் பிழையானதா? அன்று. இலக்கணம் வழுவியதன்று, இந்தியர் புனைந்ததும் அன்று. ‘தேவையான’ எனப் பொருள்படும் ‘நீட்ஃபுல்’ என்னும் அடைமொழி, ‘தி’ என்னும் சொல் முன்னே சேர, ‘தேவையானது’ எனப் பெயராய் நிற்கிறது. இங்கிலாந்திலேயே ஒரு காலத்தில் இயல்பாக வழங்கியதுதான். பின்னர் அங்கு அருகிவிட்டது, இங்கு நிலைத்துவிட்டது. பழமை ஒரு குறையன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. தேவை இன்னதென எழுதுவோரும் படிப்போரும் ஒருங்கே அறிந்திருப்பின் இத்தொடர் பொருந்தும். அறியாவிடத்து அது வெற்றுச்சொல்லே.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர், உதவித்தொகை வரவில்லை என ஓர் அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் மடல் எழுதினார். தந்தையின் நோயையும் இல்லத்தின் வறுமையையும் இரண்டு பக்கம் உருக்கமாக விரித்து, ‘டூ தி நீட்ஃபுல்’ என முடித்திருந்தார். எவ்வாண்டுக்குரிய தொகை, விண்ணப்ப எண் யாது, எந்த வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பவற்றுள் ஒன்றும் அதில் இல்லை. இரண்டு திங்கள் கழித்து, ‘தங்கள் மடல் உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று விடை வந்தது. தெளிவற்ற வேண்டுகோளுக்குத் தெளிவற்ற மறுமொழி! விவரங்களைக் குறித்து நான்கே வரிகளில் மீண்டும் எழுதச் செய்தோம். தொகை வந்தது. ஆனால் அதற்குள் பருவக் கட்டணத்திற்காக அவர்தம் அன்னையின் காதணி அடகுக் கடைக்குச் சென்றிருந்தது.

தமிழில் எழுதினால் இக்குறை நீங்கிவிடுமோ எனின், நீங்காது. ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என நாம் எழுதுவதும் அத்தகையதே. ‘ஆவன’ என்பது அழகிய சொல். ஆயின் ஆக வேண்டியவை எவை என்பதை முன்னரே கூறியிருத்தல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கோரும் தகவலின் விவரங்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. விடையளிக்கப் பொதுவாக 30 நாள் வரையறையும் தருகிறது. வேண்டுவது இன்னதெனச் சொல்லத் தெரிந்தவர்க்கே அச்சட்டம் கைகொடுக்கும்.

அதிகாரத்தின் முன் நின்று ‘இன்னது செய்க’ எனக் கூற அஞ்சிய காலத்தின் தயக்கமே இத்தகு தொடர்களை நம்மிடையே நிலைபெறச் செய்தது என்பது எம் துணிபு. பணிவு வேண்டும், மழுப்பல் வேண்டா. குடிமகன் கேட்பது கருணையன்று, உரிமை.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை ‘டூ தி நீட்ஃபுல்’ என எழுதுகோல் ஓடும்போது சற்றே நிறுத்துங்கள். செய்ய வேண்டியது யாது? செய்ய வேண்டியவர் யார்? எந்நாளுக்குள்? இம்மூன்றையும் எழுதுங்கள். எழுதிய பின் அத்தொடருக்கு அங்கு வேலையிராது.