வடக்கின் காடும் பச்சைமலை மண்ணும்

புவி வெப்பமடைவதால் வேளாண்மையின் எல்லை வடக்கே நகரும். கனடாவின், ரஷ்யாவின் ஊசியிலைக் காடுகள் நாளைய தானிய வயல்களாகும் என்ற பேச்சு வலுத்துவருகிறது. ஏலாக்குறிச்சியில் கொள்ளிடத்து வண்டலில் நெல் விளைவிப்பவருக்கு இது தொலைதூரச் செய்திதான். ஆயினும் அதிலுள்ள கணக்குப் பிழை நமக்குப் பழக்கமானது.

குளிர்காடுகளின் செல்வம் மரத்தைவிட மண்ணிலேயே அதிகம். குளிரால் இலைச்சருகு மெல்ல மட்குகிறது. நூற்றாண்டுகளின் கரிமம் தரையில் தங்குகிறது. காட்டை அகற்றி உழுதால் மண் சூடேறி, அக்கரிமம் காற்றில் கலக்கிறது. அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் அருகே, அடியிலிருந்த பனிக்கட்டி உருகி, வயல்களே குழிவிழுந்தன. கோ, கிஃபர்டு ஆகியோர் 2002-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, இயற்கைக் காடு பயிர்நிலமானால் மண்ணின் கரிமம் சராசரியாக 42 விழுக்காடு குறைகிறது என்றனர்.

அதே அலாஸ்கா 1978-இல் டெல்டா பகுதியில் சுமார் 60,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் குலுக்கல் முறையில் 22 பண்ணைகளாக விற்றது. நோக்கம் பார்லி ஏற்றுமதி. மரம் போனதும் மென்மையான மேல்மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. கணிசமான நிலம் பின்னர் மண்பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பயிரிடாமலிருக்க அரசே பணம் கொடுத்தது! விலைச் சரிவும் ஏற்றுமதி வசதியின்மையும் அத்தோல்விக்குக் காரணங்களே. ஆனால் அவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதப்பட்டது. இழந்த மண்ணுக்கு எழுதப்படவில்லை.

ஏலாக்குறிச்சிக்கு வடமேற்கே, பெரம்பலூர் மாவட்ட எல்லையிலுள்ள பச்சைமலையில் நிகழ்வதும் இதுவே. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சரிவுகளில் மரவள்ளி பயிரிடுகின்றனர். கிழங்கைப் பிடுங்கும்போது மண் பொலபொலத்துவிடும். அடுத்து வரும் மழை அதை ஓடையில் சேர்க்கும். நம் வெப்பத்திலோ மட்கு விரைவில் கரைந்துபோகும். ஆண்டுதோறும் சருகு உதிர்க்கும் மரம் இல்லையேல் அதை ஈடுசெய்ய வழியில்லை. இதற்காக உழவரைக் குறைகூறுவது எளிது, நேர்மையன்று. ரொக்கம் தரும் பயிர் வேறில்லாதவர் மரவள்ளியைத்தானே நடுவார்?

ஓர் ஆலையின் இயந்திரத்துக்குத் தேய்மானம் கழித்தே இலாபம் காண்கிறோம். மண்ணுக்கோ, விளைச்சல் முழுவதையும் வருமானமாக எழுதிவிடுகிறோம். மலைநிலப் பயிர்க்கடனோடு, சமமட்டக் கல்வரப்பு அமைப்பதற்கும் வரப்போரம் பலாவும் முந்திரியும் நடுவதற்கும் முழு மானியம் சேர வேண்டும். பலா காய்க்கச் சில ஆண்டுகளாகும். அதுவரை அந்தக் குடும்பம் இழக்கும் வருவாயையும் அரசு ஏற்க வேண்டும்.