அமாவாசைக்கு விடுமுறை இல்லாத நாட்காட்டி

இலங்கையில் இறந்த தாயை நினைக்கும் நாள் அரச விடுமுறை. இறந்த தகப்பனை நினைக்கும் நாள் வேலைநாள். ஈழத்துச் சைவர்கள் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியிலும் தகப்பனுக்கு ஆடி அமாவாசையிலும் விரதம் பிடிக்கிறார்கள். பௌர்ணமிகள் எல்லாம் பௌத்தர்களின் போயா நாட்கள் என்பதால் அன்று நாடு முழுவதும் கந்தோர், வங்கி, பாடசாலை எல்லாம் பூட்டு. அமாவாசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மட்டக்களப்பில் இது சின்ன விடயம் அல்ல. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆண்டுத் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடுதான் நிறைவுபெறுகிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டிலிருந்தும், அம்பாறைப் பக்கத்து ஊர்களிலிருந்தும் சனம் திரண்டு வந்து அந்தத் தீர்த்தக் குளத்தில் முழுகிப் பிதிர்க்கடன் செய்கிறது. வாவிக்கரை மக்களுக்கு ஆண்டின் பெரிய நாட்களில் அது ஒன்று. ஆனால் ஆசிரியர் லீவுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். வங்கி ஊழியர் விடியப்புறம் முழுகிவிட்டு ஈரத் தலையோடு கடமைக்கு ஓடவேண்டும். மண்டூரிலிருந்து குருமன்வெளிக்கு வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவையேறி, அங்கிருந்து பஸ் பிடித்து நகருக்கு வரும் குடும்பம் பிள்ளைகளின் பாடசாலையைக் கைவிட்டுத்தான் வரவேண்டும்.

ஒரு காலத்தில் அமாவாசைக்கும் இந்த நாட்டில் விடுமுறை இருந்தது என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. டட்லி சேனநாயக்க அரசாங்கம் 1966 தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை நீக்கி, நிலவின் நான்கு கட்டங்களையும் வார விடுமுறை நாட்களாக்கியது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள் என்று நான்கு போயா. ஏழு நாள் வாரம் சிலவேளை எட்டு நாளாக நீண்டது. உலகம் ஞாயிறில் ஓய்ந்தபோது கொழும்புத் துறைமுகம் வேலை செய்தது. கொழும்பு ஓய்ந்தபோது வெளிநாட்டு வங்கிகள் திறந்திருந்தன. புளியந்தீவுக் கத்தோலிக்கருக்கும், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து தொடங்கிய மெதடிஸ்த சபையாருக்கும் ஞாயிறு ஆராதனை வேலைநாளில் வந்து விழுந்தது. 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் சனியையும் ஞாயிறையும் மீட்டுத் தந்தது. நான்கு போயாக்களில் பௌர்ணமியை மட்டும் வைத்துக்கொண்டது. மாமாங்கத்துத் தீர்த்த நாளுக்குத் தற்செயலாகக் கிடைத்திருந்த ஓய்வும் அத்தோடு போயிற்று.

ஆறு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை ஒரு நாட்டின் வாரத்தையே மாற்றி எழுத முடிந்திருக்கிறது. விடுமுறைப் பட்டியலைத் தொடவே கூடாத சாசனம்போலப் பேசுகிறவர்களுக்கு இந்த வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பட்டியலை வைதுதீர்ப்பது என் நோக்கம் அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 25 நாட்கள். தைப்பொங்கல், மகா சிவராத்திரி, புனித வெள்ளி, சித்திரைப் புத்தாண்டு, வெசாக், இரண்டு பெருநாட்கள், மீலாத், தீபாவளி, நத்தார் என்று நான்கு சமயத்தாருக்கும் அதில் இடம் உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெருநாள் வந்தால் பக்கத்து ஆரையம்பதிக்கும் செங்கலடிக்கும் வட்டலப்பம் போகும். புத்தாண்டுக்குப் பலகாரத் தட்டு திரும்பி வரும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் வெட்டுக்கொத்து நடந்த ஆண்டுகளிலும் சில வீடுகளுக்கிடையில் இந்தப் போக்குவரத்து அறவே நின்றுவிடவில்லை. அதற்கு எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைக்கும் ஓய்வுநாளும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்த வீட்டார் வேலைக்குப் போயிருந்தால் தட்டை யாரிடம் கொடுப்பது?

என் குறை வேறு. பட்டியல் கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் வருகிறது. வாவிக்கரையின் திருநாட்கள் அந்த அச்சுக்குள் அடங்குவதில்லை. அடங்குவனவும் வேறொரு பெயரின் நிழலில்தான் நடக்கின்றன.

வைகாசியைப் பாருங்கள். மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் பலவும் ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவு திறப்பவை. வைகாசிப் பூரணையை ஒட்டிச் சடங்கு தொடங்கும். கலியாணக்கால் நடுவார்கள். கோயிலுக்குள் பெண்கள் நெல்லுக் குற்றுவார்கள். கண்ணகி வழக்குரை நாளுக்கு நாள் படிக்கப்படும். கோவலன் கொலைப்படும் காதை வரும்போது கேட்டிருக்கும் பெண்கள் அழுவதை இன்றும் பார்க்கலாம். கடைசி இரவு குளிர்த்தி. மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளைக் குளிர்வித்து ஊருக்கு மழையும் சுகமும் கேட்கும் அந்தச் சடங்குதான் செட்டிபாளையம் தொட்டுத் தம்பிலுவில் வரைக்கும் ஊர்களை ஒன்றாக இருத்தும் இரவு. அம்மாள் நோய் பரவும் வெக்கைக் காலத்தில் ஊருக்கே அவள்தான் வைத்தியம் என்று நம்பியிருந்த தலைமுறைகள் தந்த பக்தி அது.

பெரும்பாலான ஆண்டுகளில் அதே பூரணைதான் வெசாக். அதற்கு அரசு இரண்டு நாள் விடுமுறை தருகிறது. ஆக, கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளை குளிர்த்திக்கு வந்து நிற்பது வெசாக்கின் உபயத்தால். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, மகிழ்ச்சிதான். ஏனென்றால் இந்தக் கண்ணகியேதான் சிங்கள மக்களின் பத்தினித் தெய்யோ. இங்கே வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடியதுபோல அங்கே ‘அங்கெலிய’ என்று கொம்பிழுப்பு நடந்தது. கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றிப் பெரும் ஆய்வு நூலே எழுதினார். இரண்டு மக்களும் ஒரே பெண்ணின் சினத்தை ஆற்ற ஒரே விதமாகக் கயிறு இழுத்திருக்கிறார்கள். அரச நாட்காட்டியில் அதற்கு ஒரு வரி இல்லை. ஒரு நாட்டை ஒட்டவைக்கக்கூடிய நாள் என்றால் இதைவிட எதைச் சொல்வது?

தைப்பொங்கலின் கதை இன்னொரு விதம். நாட்காட்டி பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறது. படுவான்கரையின் பெரும்போக நெல்லில் பெரும்பகுதி தை முதலாம் தேதி இன்னும் வயலில்தான் நிற்கும்; வெட்டு மும்முரமாவது மாசியில். வடகீழ்ப் பருவ மழையோ மார்கழி, தை என்று பார்ப்பதில்லை. 2011 ஜனவரி இரண்டாம் வாரத்தில் மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது. அந்தப் பொங்கலைப் பாடசாலைக் கட்டடங்களில் அகதிகளாக இருந்து கழித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். வயலில் நின்ற நெல் அழுகிக்கொண்டிருந்தது. அன்றும் அது அரச விடுமுறைதான். விவசாயிக்கு நெஞ்சு நிறையும் நாள் நெல்லுக் கூடம் நிறையும் நாள். அது ஊருக்கு ஊர் மாறும்.

சரி, விடுமுறை யாருக்கு? இதைப் பலர் கேட்பதே இல்லை. அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று பட்டியலில் மூன்று வகை உண்டு. தீபாவளி முதல் இரண்டில் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. மகா சிவராத்திரியும் புனித வெள்ளியும் இரண்டு பெருநாட்களும் அப்படியே. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் வாழைச்சேனைப் பிள்ளைக்குச் சித்திரைக்கு ஊர்வர விடுமுறை கிடைக்கும். தீபாவளிக்கு அவள் மேற்பார்வையாளரிடம் கேட்டு லீவு எடுக்கவேண்டும். அவளுக்காக ஊரில் காத்திருக்கும் தாய்க்கோ, வயலிலும் மேசன் வேலையிலும் நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கோ எந்தப் பட்டியலும் பொருந்தாது. அவர்களுக்குப் போயா என்பது கூலியில்லாத நாள், அல்லது கச்சேரிக்கு அலைந்து வெறுங்கையோடு திரும்பும் நாள். வாவியில் வலைவீசும் மீனவருக்கு நிலாக்காலம் பிடிபாடு குறையும் காலம். அவர் ஓய்வை நிலவே தீர்மானிக்கிறது, சம்பளம்தான் இல்லை. போயாவுக்குச் சாராயக் கடை பூட்டுவதைப் பெரிதாக மதிக்கும் பெண்கள் பலரை நான் அறிவேன். முதல்நாளே வாங்கி வைக்கிற ஆண்களையும் அறிவேன்.

பட்டியலில் இல்லாமலே மக்கள் தாமாக வேலையை நிறுத்தும் நாட்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், பூரணை தினமும்கூட. மூன்று ஓய்வும் ஒன்றாகக் கூடியதால் குடும்பம் குடும்பமாக வீட்டில் இருந்தார்கள். நாவலடியையும் கல்லடித் திருச்செந்தூரையும் கடல் கொண்டுபோனது அன்று. இப்போது அந்தத் தேதி தேசிய பாதுகாப்பு தினம், காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் கேட்கிறார்கள். நாவலடி நினைவிடத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நிமிடம் போதாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் அப்படித்தான். மறுபுறத்தில் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நாடெங்கும் கொடியேற்றும் விடுமுறை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அன்று கறுப்புக் கொடியோடு வீதிக்கு வருகிறார்கள். 2023இல் அன்று யாழ்ப்பாணத்தில் புறப்பட்ட பேரணி மட்டக்களப்பில் வந்துதான் முடிந்தது. ஒரு நாளை விடுமுறை என்று அறிவிக்க அரசால் முடியும். அதைக் கொண்டாட்டம் ஆக்க, அந்த உறவுகளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் விடுமுறை கூட்டினால் நாடு தாங்குமா என்பார்கள். கூட்டச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரையில், நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்தில், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கன்னியாகுமரியில். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை செய்துவிடுகிறார்கள். கோயில், தர்கா, தேவாலயம் மூன்றுக்கும் ஒரே நடைமுறை. எங்களுக்கும் இது புதிது அல்ல. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானை ஒட்டித் தனித் தவணை அட்டவணை பல காலமாக இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டுச் சனிக்கிழமையில் ஈடுசெய்ததும் சில ஆண்டுகளில் நடந்திருக்கிறது. இதனால் யாருடைய படிப்பும் கெடவில்லை.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாள் என்றால் அதிலும் அநீதி வரும். 2012 கணக்கெடுப்பின்படி இங்கே நான்கில் ஒருவர் முஸ்லிம்; கத்தோலிக்கரும் பறங்கியரும் இருக்கிறார்கள். ஆகவே 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் தத்தமக்கு இரண்டு நாட்களைத் தெரிந்தெடுக்கட்டும். மண்முனை வடக்குக்கு ஆடி அமாவாசை. மண்முனை தென்மேற்குக்குக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேர். மண்டூர்த் தீர்த்தம் ஆவணிப் பூரணையில் வருவதால் போரதீவுப்பற்றுக்கு ஏற்கெனவே போயா விடுமுறை உண்டு. இரவெல்லாம் விழித்தவர்களுக்கு மறுநாள் தேவை. காத்தான்குடிக்குப் பெருநாளின் இரண்டாம் நாள். ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு திங்கட்கிழமை. பிரதேச சபைகள் தம் நாட்கூலித் தொழிலாளருக்கு அந்த இரண்டு நாட்களுக்கும் கூலி கொடுக்கவேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு உள்ளூர் விடுமுறை பேசுவதில் பயனில்லை.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இழுபடுவதால் இதை எடுத்துப் பேசவேண்டிய அவை வெறுமையாகக் கிடக்கிறது. ஆனாலும் பாடசாலைகளிலிருந்து தொடங்க ஆளுநரும் மாகாணக் கல்வித் திணைக்களமும் போதும். கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பங்குச் சபைகள், மீனவர் சங்கங்கள் ஆகியோரை ஐப்பசியிலேயே அழைத்துப் பேசி, நாட்களை எழுதி வாங்கிக்கொண்டால், ஜனவரியில் தொடங்கும் கல்வியாண்டின் அட்டவணை அச்சுக்குப் போகுமுன் ஆடி அமாவாசைக்கு அதில் ஓர் இடம் கிடைத்துவிடும்.