மேசன் மாப்பிள்ளை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் மகள் பிறந்தாலே வாப்பாவுக்கு வீட்டுக் கவலை பிடித்துவிடும். கல்யாணத்துக்குள் அவள் பெயரில் வீடு எழும்ப வேண்டும். அதற்கு நல்ல மேசன் பாஸையும் டைல்ஸ் பதிப்பவரையும் பிடிக்கப் படும் பாடு கொஞ்சமில்லை. மாப்பிள்ளை தேடும்போது மட்டும் அரசாங்க உத்தியோகம்தான் வேண்டும்! பாஸின் நாள்கூலியை வேலை நாட்களால் பெருக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. குளியலறைத் தரையில் நூல் கட்டி வாட்டம் பிடிப்பதை ஒருநாள் நின்று பாருங்கள். கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் குழாய்க்குப் போகாமல் மூலையில் தேங்கும். இந்தக் கைக்குச் சான்றிதழும் உண்டு. என்.வி.க்யூ எனும் தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள். ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். அனுபவசாலிகள் வகுப்புக்குப் போகாமலே தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் வேலையைச் செய்துகாட்டித் தகைமை பெறலாம். வெளிநாடு போகிறவருக்கு வெறும் ‘லேபர்’ விசாவுக்கும் தேர்ந்த தொழிலாளி விசாவுக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் அந்தத் தாளில்தான் தொடங்குகிறது. பென்சன் இல்லை, மாரி மழையில் வேலை படுத்துவிடும் என்று தயங்கும் வாப்பாவோடு உட்கார்ந்து பேசலாம், அது நியாயமான கவலை. ‘கையில் சீமெந்து’ என்று முகம் சுளிப்பவரோடு என்னத்தைப் பேச?